அலுமாரிச் சாவியும் கன்னிச்சாமியும்

கவனம் சிதறாமல் வேலை செய்வது எப்படி என்று ஒரு காணொளி இருக்கிறது. அதை நான் வேலை நேரத்தில் பலமுறை பார்த்திருக்கிறேன். அதில் பேசுகிற வெள்ளைக்காரர் ஒரு வெள்ளைச் சுவருக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். பின்னால் குக்கர் விசிலடிக்காது. யாரும் எட்டிப் பார்த்து, "தேங்கா துருவித் தர்றியா?" என்று கேட்க மாட்டார்கள். அந்த மனிதருக்குக் குடும்பம் என்று ஒன்று உண்டா, அவர் ஊரில் கார்த்திகை மாதம் வருமா என்றெல்லாம் நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. யோசிப்பதற்கு என் அட்டவணையில் பின்னேரம்தான் நேரம் ஒதுக்கியிருந்தேன்.

விஷயம் இதுதான். படிப்பு முடிந்து கண்டியில் வீட்டோடு இருந்த எனக்குக் கொழும்பில் ஒரு சின்னக் கம்பனி ஒரு மாதப் பரீட்சை வேலை தந்திருந்தது. விருந்தினர் விடுதிகளில் அறை பதிவு செய்கிற ஒரு செயலியை (அதாவது போனில் திறந்து, அறை இல்லை என்று தெரிந்துகொண்டு, மூடுகிற சாதனம்) வீட்டிலிருந்தே செய்து, மாதக் கடைசியில் காணொளி அழைப்பில் அவர்கள் முன்னால் இயக்கிக் காட்ட வேண்டும். பிடித்துப்போனால் வேலை நிரந்தரம். பிடிக்காவிட்டால் கலகெதர.

கலகெதர நல்ல ஊர். அதன்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் அங்கே குருநாகல் றோட்டில் என் மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், ஒரு ஹார்ட்வெயார் கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையில் எனக்கென்று ஒரு கதிரை ஏற்கெனவே துடைத்து வைக்கப்பட்டிருந்தது.

"மாமாகிட்ட பேசிட்டேன்" என்றார் அப்பா. மாநகர சபையில் கிளார்க். எதையும் ஆள் வருமுன்னே கோப்புப் போட்டு முடித்துவிடுகிறவர். "ஒன் கொழும்பு வெளையாட்டு சரிவரல்லேன்னா, தை பொறந்ததும் கடையில ஒக்காந்துரு. பைப் சைஸ் மட்டும் இப்பயே படிச்சு வச்சிக்கோ."

"அப்பா, இது வெளையாட்டு இல்ல. இதுக்குப் பேரு ஆழ்ந்த வேலை."

"ஆழமா? அப்ப கெணறு மோட்டரும் மாமா கடையிலதான் இருக்கு."

அன்றைக்கே என் வாழ்க்கையைத் திருத்தி அமைத்தேன்.

முதலில் போனை ஒழித்தேன். முன் அறையில் நிற்கும் பெரிய அலுமாரிக்குள், அம்மாவின் கூறைப் புடவைக்கு அடியில் வைத்துப் பூட்டி, சாவியை ஒரு கறுப்புக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டு, டீசேர்ட்டுக்குள் விட்டுக்கொண்டேன். (அம்மாவிடமே கொடுத்திருக்கலாம். ஆனால் கெஞ்சினால் அம்மா தந்துவிடுவார். என் கழுத்து அப்படி இளகாது என்று நம்பினேன்.)

அடுத்தது உடுப்பு. பெரிய ஆட்கள் தினமும் ஒரே மாதிரி உடுத்துவார்களாம். காலையில் எதை உடுப்பது என்று மூளையைச் செலவழிக்க மாட்டார்களாம். நான் அதுவரை அதற்கு மூளையைச் செலவழித்ததாக எந்த ஆதாரமும் இல்லை. இருந்தாலும் சந்தைப் பக்கத்து நடைபாதையில் கறுப்பு டீசேர்ட் ஒரு கட்டும், கறுப்புச் சாரம் இரண்டும் வாங்கினேன். கறுப்பில் அழுக்குத் தெரியாது. துவைக்கிற நேரமும் மிச்சம்.

கட்டில் இருந்தால் படுக்கத் தோன்றும் என்பதால் தரையில் பாய் விரித்தேன். விடியுமுன் எழுந்து பச்சைத் தண்ணீரில் குளித்தேன். அது மூளையைக் கூர்மையாக்குமாம். கண்டிக் குளிரில் அந்தத் தண்ணீர் என் மூளையைக் கூர்மையாக்கியதா தெரியாது. என் குரலைக் கூர்மையாக்கியது. முதல் வாளியை ஊற்றும்போது நான் கடவுளைக் கூப்பிட்டது சுற்றியுள்ள வீடுகளுக்கெல்லாம் கேட்டிருக்கிறது. (அந்த நேரத்தில் வேறு யாரைக் கூப்பிடுவது?)

பிறகு வெறுங்காலோடு குளத்தைச் சுற்றி நடந்தேன். பாதம் மண்ணில் படவேண்டும் என்று இன்னொரு காணொளி சொன்னது. கண்டிக் குளத்தைச் சுற்றிலும் தார் றோட்டுத்தான் என்பது அந்தக் காணொளிக்குத் தெரியாது. இறைச்சி, மீன் சாப்பிட்டால் பகலில் தூக்கம் வரும், அதையும் நிறுத்தினேன். சவரம் நேரத்தை வீணாக்கும், தாடி வளர்ந்தது. கடைசியாக, வேலை நேரத்தில் யாரும் என்னோடு பேசக் கூடாது, நானும் பேச மாட்டேன் என்று அறிவித்தேன். மீறி யாராவது வாயைத் திறந்தால், விரலை உதட்டில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வேன்.

இவ்வளவையும் நான் தொடங்கியது கார்த்திகை மாதத்தில்.

இந்த நாட்டில் தமிழர் வீட்டில் பிறந்த எந்தக் குழந்தைக்கும் இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. கறுப்பு உடுப்பு, கழுத்தில் கயிறு, தாடி, வெறுங்கால், விடியுமுன் குளியல், தரையில் படுக்கை, மரக்கறிச் சாப்பாடு. எனக்கு மட்டும் விளங்கவில்லை. நான் உற்பத்தித் திறனைப் பெருக்கிக்கொண்டிருந்தேன்.

முதலில் பிடிபட்டவர் பக்கத்து வீட்டு ராணியக்கா. ஹந்தானைக் குன்றுக்கு ஏறுகிற எங்கள் பாதையில் அவருடைய வானொலிதான் எல்லாருக்கும் கடிகாரம். அது பாடத் தொடங்கினால் விடிந்தது, நின்றால் படுக்கலாம். ஒரு காலையில் நான் குளத்திலிருந்து ஏறி வரும்போது அவர் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டுக் கை கூப்பினார்.

"சாமி சரணம்."

வேலை நேரம் தொடங்கிவிட்டதால் நான் விரலை உதட்டில் வைத்துக் கண்ணை மூடினேன். அவர் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அன்றிலிருந்து வானொலி பாடவில்லை.

"அண்ணே, நீ கண்ணாடி பாத்தியா?" என்று கேட்டாள் தங்கச்சி திவ்யா.

"கண்ணாடி பாக்குறது கவனச் சிதறல்."

"ஒருக்கா சிதறிப் பாரு. நீ மாலை போட்டிருக்கேன்னு ஊரே பேசுது. ஐயப்பன் மலைக்குப் போற சாமி நீ. அதுவும் மொதல் தடவ, கன்னிச்சாமி."

"நான் எங்க மாலை போட்டேன்? இது அலுமாரிச் சாவி!"

"எனக்குத் தெரியும். அம்மாகிட்ட சொல்லவா?"

இங்கேதான் நான் நேர்மையாக ஒரு நிமிடம் யோசித்தேன். வானொலி நின்றிருந்தது. அம்மா தேங்காய் துருவக் கூப்பிடுவதை விட்டிருந்தார். எதிர் வீட்டுப் பிள்ளைகள் கிரிக்கெட்டை அடுத்த ஒழுங்கைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த வெள்ளைக்காரர் தன் காணொளிகளில் தேடிக்கொண்டே இருந்த அந்த அமைதி, எங்கள் வீட்டில் செலவில்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது.

"இப்ப வேணாம்" என்றேன். "இதை விளக்கப் போனா கவனம் சிதறும்."

அதற்குப் பிறகு வீட்டில் நிலவியதற்கு ஈடான ஒரு அமைதியை எந்த நிபுணரும் கண்டிருக்க மாட்டார். கன்னிச்சாமி இருக்கிற வீட்டில் மற்றவர்களும் மச்சம் சமைக்கக் கூடாது என்று அம்மா சட்டம் போட்டார். ஞாயிற்றுக்கிழமைக் கோழி நின்றது. கருவாட்டுப் பானை ராணியக்கா வீட்டுக்கு அகதியாகப் போனது. அப்பா கந்தோருக்கு பீட்ரூட் கறி கட்டிக்கொண்டு போனார். ஒரு பகல் என் மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்று, தொண்டையைச் செருமினார்.

"சாமி சாப்பிடுறீங்களா?"

என்னைப் பெற்றவர். பைப் சைஸ் படிக்கச் சொன்னவர். என்னை 'நீங்க' என்றார். எனக்கு அன்றைக்குப் பகல் முழுதும் வேலை ஓடவில்லை. அது ஒன்றுதான் அந்த மாதத்தில் ஏற்பட்ட கவனச் சிதறல்.

அம்மா மட்டும் அடிக்கடி ஏதோ சொல்ல வந்தார். "தம்பி, வார வெள்ளிக்கெழம மாமா..." என்று தொடங்குவார். நான் விரலை உதட்டில் வைப்பேன். அம்மா உடனே கன்னத்தில் போட்டுக்கொண்டு போய்விடுவார். பிறகு கதவோரம் நின்று, "இல்ல சாமி, அந்த வெள்ளிக்கெழம..." விரல். "சரி சாமி, சரி. எல்லாம் நானே பாத்துக்கிறேன்." எனக்கு நிம்மதி. எதுவாக இருந்தாலும் அம்மா பார்த்துக்கொள்வார்.

ஒரு பின்னேரம் மனது தாங்கவில்லை. வேலை நேரம் முடிந்ததும் டவுனுக்கு இறங்கி, அடிக்கடி சாப்பிடுகிற கொத்துரொட்டிக் கடைக்குப் போனேன். கடைக்கார நானாவுக்கு என்னைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே தெரியும். கல்லில் இரும்புத் தகடுகள் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. நான் குரலைத் தாழ்த்தினேன்.

"நானா, ஒரு சிக்கன் கொத்து."

தாளம் நின்றது.

"என்ன மகன் கேக்கிய?"

"சிக்கன் கொத்து. கொஞ்சம் கறி கூட ஊத்தி."

நானா தகடுகளைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, என் தோளைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போனார்.

"மகன், எங்களுக்கும் நோன்பு ஈக்கி. கடைசிப் பத்து நாள்ள வயித்துக்குள்ள என்ன நடக்கும்னு எனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுங்க. மலைக்குப் போய்ட்டு வாங்க, நானே முட்ட போட்டு இரட்டிப்பாத் தாரன். இப்பத் தந்தா எனக்கும் சேத்துத்தான் பாவம்."

"நானா, இது விரதம் இல்ல. இது வந்து... ஒரு ஒழுங்குமுறை."

"எல்லா நோன்பும் ஒழுங்குமுறதான் மகன்" என்றார் நானா. எனக்கு ஒரு ப்ளேன்டீயும் வாழைப்பழமும் தந்து, காசு வாங்க மறுத்து, கடையிலிருந்தவர்களிடம் வழிவிடச் சொல்லி அனுப்பி வைத்தார். எச்சில் ஊறிய வாயோடு வாழைப்பழத்தைத் தின்றபடி மேடேறி வந்தேன். வழியில் இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை வந்தது. இயக்கிக் காட்டுகிற நாள். காலை பத்து மணிக்கு அழைப்பு. செயலி அருமையாக ஓடியது. முன் அறையில் மடிக்கணினியை வைத்து, பின்னால் காணொளிக்காரரைப் போல ஒரு வெள்ளைப் போர்வையைத் தொங்கவிட்டேன். சமையலறையிலிருந்து பெரிய பெரிய பானைகளின் சத்தம் வந்தது. சாம்பார் வாசனை நாலு வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "சாமி, இன்னும் கொஞ்ச நேரத்துல..." என்றார். விரல்.

திரையில் மூன்று முகங்கள் வந்தன. நடுவில் இருந்த மேடம்தான் முடிவெடுப்பவர். நான் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பொத்தான்களைக் காட்டினேன். அறை பதிந்து காட்டினேன். மேடம் முன்னால் சாய்ந்து, "நல்லா இருக்கு. இப்ப ஒரு முக்கியமான கேள்வி" என்றார் ஆங்கிலத்தில்.

வெளியே ஒரு வேன் நின்றது.

"சாமியே..." என்று ஒரு குரல் கேட்டது. அது மாமாவின் குரல்.

"சரணம் ஐயப்பா!" என்று ஒரு வேன் நிறைந்த ஆண்கள் பதில் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. மாமாவுக்குக் கலகெதரவில் இரண்டு தொழில். ஒன்று ஹார்ட்வெயார். மற்றது, அந்தப் பக்கத்திலிருந்து மலைக்குப் போகிற கூட்டத்துக்குக் குருசாமி. முதல் தடவை போகிற கன்னிச்சாமியின் வீட்டுக்குக் கூட்டத்தோடு வந்து, பூஜை செய்து, அன்னதானம் சாப்பிட்டுப் போவது வழக்கம். இத்தனை நாளாக அம்மா என்னிடம் சொல்ல முயன்ற வாக்கியத்தின் மீதிப் பாதி, ஜால்ராவோடு படியேறி வந்தது.

மாமா முன்னால். பின்னால் கறுப்பு உடுப்பில் ஒரு பட்டாளம். மாமா என் முன்னால் நின்றார். சின்ன வயதில் என் காதைத் திருகியே வளர்த்தவர். "கன்னிச்சாமி சரணம்!" என்று சொல்லி நெடுஞ்சாண்கிடையாக என் காலில் விழுந்தார். அடுத்தவர் விழுந்தார். அதற்கடுத்தவர் விழுந்தார். திரையில் மூன்று பேரும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேடம் மெதுவாகக் கேட்டார்:

"இவங்க எல்லாம் உங்க டீமா?"

நான் பதில் சொல்லுமுன் என் வெள்ளைப் போர்வையைக் கழற்றி, அலுமாரிக்கு முன்னால் விரித்து, அதன்மேல் மரப்படிகளை அடுக்கி, ஐயப்பன் படத்தை வைத்து, விளக்கேற்றிவிட்டார்கள். கடை நடத்துகிறவர்களின் வேகம். அம்மா கற்பூரத் தட்டை எல்லாருக்கும் காட்டி வந்து, விருந்தாளிகளை விடக் கூடாது என்று மடிக்கணினிக்கும் காட்டினார். அப்பா பின்னால் திருநீற்றுத் தட்டோடு நின்றார். கொழும்பிலிருந்த ஒருவர் தன்னை அறியாமல் கையை நீட்டினார்.

"மைக் செட்டுக்கு பிளக் எங்க இருக்கு?" என்றது ஒரு குரல்.

"இந்தா சாமி, இதக் கழட்டிட்டுக் குத்துங்க."

கழற்றப்பட்டது வைஃபை ரௌட்டர்.

மேடம் வாயைத் திறந்தபடி உறைந்தார். பிறகு திரை கறுப்பானது. என் மூளை ஒரு மாதப் பயிற்சியில் உண்மையிலேயே கூர்மையாகியிருந்தது. போன் இருக்கிறது. போனிலிருந்து இணைப்பு எடுக்கலாம். கம்பனியின் நம்பரும் அதில்தான். போன் அலுமாரிக்குள். சாவி கழுத்தில்.

நான் டீசேர்ட்டுக்குள் கையை விட்டேன்.

தொடங்கியிருந்த பஜனை நின்றது. கன்னிச்சாமி தன் டாலரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் போகிறது என்று எல்லாரும் கை கூப்பினார்கள். நான் கயிற்றை இழுத்தேன். வெளியே வந்தது, பித்தளையில், பல்லோடு, ஒரு நீளமான அலுமாரிச் சாவி.

மாமா தொழில் தெரிந்தவர். குனிந்து சாவியை உற்றுப் பார்த்தார்.

"இது அலுமாரிப் பூட்டுச் சாவியில்ல?"

"ஆமா மாமா. படியக் கொஞ்சம் நகத்தணும். உள்ள போன் இருக்கு."

"ஐயப்பன் டாலர் எங்க?"

"இல்ல மாமா. நான் மாலை போடல. கவனம் சிதறாம வேல செய்யத்தான்... அந்தக் காணொளியில..." என்று தொடங்கிக் காணொளியை முழுதாக விளக்கினேன். ஹார்ட்வெயார், பலசரக்கு, லொறி ஓட்டம் என்று பல துறைகளைச் சேர்ந்த அந்தச் சாமிமார், குளிர்நீர்க் குளியலின் நன்மைகளைப் பொறுமையாகக் கேட்டார்கள்.

முதலில் பேசியது அப்பா. திருநீற்றுத் தட்டை மேசையில் வைத்தார். 'நீங்க' போய்விட்டிருந்தது.

"டேய். அப்ப ஒரு மாசமா நான் எதுக்குடா பீட்ரூட் தின்னேன்?"

திவ்யா முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். அம்மா சிரிக்கவில்லை. புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டியபடி நின்றார்.

"நான் நேந்திருந்தேன்பா" என்றார். "ஒனக்கு வேல கெடச்சா மலைக்கு அனுப்புறேன்னு. நீ கேட்டா சிரிப்பேன்னு சொல்லல. நீயா கறுப்பு உடுத்தவும், ஐயப்பனே சொல்லிட்டாருன்னு நெனச்சேன்."

அந்த ஒரு மாதத்தில் முதல்முறையாக எனக்கு விரலை உதட்டில் வைக்கத் தோன்றவில்லை. பேச வேண்டிய இடம் அதுதான் என்று தெரிந்தது. சாவிக் கயிற்றைக் கழற்றி அம்மாவின் கையில் வைத்தேன்.

மாமாதான் காப்பாற்றினார். "சரி சரி. கூப்பிட்டு வந்தாச்சு, சாம்பாரும் ஆறுது. விரதம் இருந்தது இருந்ததுதானே? இவனுக்குத் தெரியாட்டி அவருக்குத் தெரியும். சாமியே..."

"சரணம் ஐயப்பா!"

படியை நகர்த்தவில்லை. பூஜை முடிந்த பிறகே அலுமாரி திறந்தது. போனுக்குச் சார்ஜ் ஏற்றித் திறந்தபோது, கம்பனியிலிருந்து ஒரு மின்னஞ்சல் காத்திருந்தது. என் திறமையைப் பாராட்டியிருந்தார்கள். வீட்டிலிருந்து வேலை செய்ய இன்னும் அமைதியான சூழல் அமையும்போது திரும்பத் தொடர்புகொள்ளச் சொல்லியிருந்தார்கள். அந்த மாதம் கண்டியிலேயே அமைதியான வீடு எங்களுடையதுதான் என்பதை அவர்களிடம் யார் சொல்வது?

தை பிறந்தது. கலகெதரவில் அந்தக் கதிரையில் உட்கார்ந்தேன். ஒரு பக்கம் பைப் அறுக்கிற சத்தம், ஒரு பக்கம் சீமெந்து இறக்குகிற சத்தம், நடுவில் மாமா சிங்களத்தில் பேரம் பேசுகிற சத்தம். போன் மேசையிலேயே கிடந்தது, அடித்துக்கொண்டே இருந்தது. வாடிக்கையாளர் வாளி கேட்டு, ஆணி கேட்டு, கடைசியில் விலையை மட்டும் கேட்டுப் போனார்கள். அந்த இடைவெளிகளில், வெறும் எரிச்சலில், மேடம் கேட்க வந்த முக்கியமான கேள்வி என்னவாக இருக்கும் என்று நானே யோசித்து, செயலியைத் திருத்தி, திருத்தி, அனுப்பி வைத்தேன். ஒரு கிழமையில் அழைத்தார்கள். பின்னால் இரும்பு வெட்டுகிற சத்தத்துக்கு நடுவே பேசினேன். மேடம், "அன்றைக்கு வந்த டீம்தானே?" என்று கேட்டார். வேலை கிடைத்தது.

இன்றைக்கும் நான் அந்தக் கடையின் பின்பக்கத்தில், வர்ணப் பீப்பாய்களுக்கு நடுவே உட்கார்ந்துதான் கொழும்பு வேலையைச் செய்கிறேன். அமைதியான இடத்தில் எனக்குக் கவனம் நிற்பதில்லை. யாரோ வேனில் வரப்போகிறார்கள் என்று பயமாக இருக்கிறது.

அம்மாவின் நேர்த்தி கடனாக நின்றதால், அடுத்த கார்த்திகையில் மாமாவின் கையால் உண்மையாகவே மாலை போட்டேன். ஒருவரும் நம்பவில்லை. ராணியக்கா வானொலியைக் குறைக்கவில்லை. கொத்துக்கடை நானா, "கழுத்தக் காட்டுங்க மகன்" என்று டாலரைப் புரட்டிப் பார்த்த பிறகே ப்ளேன்டீ தந்தார். அந்த முறை காசு வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டில் இப்போது யார் எதைத் தீவிரமாகத் தொடங்கினாலும் ஒரு கேள்விதான். திவ்யா உடம்பைக் குறைக்கப் போகிறேன் என்றபோதும், மாமா சீனியை விடுகிறேன் என்றபோதும் அதே கேள்வி. சென்ற கிழமை கடை பூட்டியிருந்த நேரத்தில் முக்கியமான வேலை ஒன்று வந்தது, வீட்டிலேயே செய்ய வேண்டியிருந்தது. இரண்டு நாள் யாரும் பேசாதீர்கள் என்று சொல்லிவிட்டு, எதேச்சையாகக் கறுப்பு டீசேர்ட்டோடு பாயை விரித்தேன். சமையலறை வாசலில் அப்பா வந்து நின்றார். கையில் கழுவிய கருவாடு, தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"சாவியா, மாலையா?" என்றார். "சொல்லிட்டு மௌனமா இரு. சட்டி சூடாயிருச்சு."